டாக்டர் முன்னால் வராத படபடப்பு

இதயத் துடிப்புக் கோளாறுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. டாக்டர் முன்னால் அது வராது. வீட்டில் அரை மணி நேரம் ஆளைப் புரட்டி எடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அடங்கிப் போயிருக்கும். உள்ளே போனால் நாடி 78, பிரஷர் 120க்கு 80, இ.சி.ஜி. நார்மல். "ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தானே இருக்கீங்க" என்பார் டாக்டர். அவர் சொல்வதும் பொய்யில்லை. அந்த நிமிஷத்தில் ஒன்றும் இல்லைதான்.

நாளொன்றுக்கு இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. வழக்கமான இ.சி.ஜி. பதிவு செய்வது 10 விநாடி. பத்துப் பதினைந்து துடிப்பு அதில் அகப்பட்டால் உண்டு. கோளாறு அந்தப் பத்து விநாடிக்குள் வந்து நின்றால்தான் காகிதத்தில் ஏறும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் துறையில் நடந்திருப்பதில் பெரும்பகுதி, அந்தப் பத்து விநாடியை நீட்டப் பார்த்த முயற்சிதான்.

எங்கள் அத்தைக்கு இருபது வயதில் தொடங்கியது. 1960களின் கடைசி, திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமம். வயலுக்குச் சோறு எடுத்துப் போகும்போது வரும். சும்மா முறத்தை எடுக்கக் குனிந்தாலும் வரும். "கூண்டுல அடைச்ச காடை மாதிரி உள்ள அடிச்சிக்குதுடா தம்பி" என்பார். கழுத்தில் துடிப்பது எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கே தெரியும். முகம் வெளுத்து, நெற்றி வேர்த்து, பேச்சு குழறிச் சுவரோரமாக உட்கார்ந்துவிடுவார். இருபது நிமிஷமோ ஒரு மணி நேரமோ போனபின், எப்படி வந்ததோ அப்படியே சட்டென்று நின்றுவிடும். அதன் பிறகு இரண்டு மூன்று தடவை நிறையச் சிறுநீர் போகும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவர்களும் இல்லை. இன்றைக்கு ஒரு நோயாளி இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால், அதாவது சட்டென்று தொடங்கியது, சட்டென்று நின்றது, நின்றபின் சிறுநீர் பெருகியது என்று சொன்னால், விஷயம் தெரிந்த டாக்டர் இ.சி.ஜி. எடுப்பதற்கு முன்பே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

அன்றைக்கு வீட்டில் விளக்கத்துக்குக் குறைவில்லை. மாமியார் வாயு என்றார். மோரில் பெருங்காயமும் சுக்கும் வந்தன. கொல்லைப்புறத்து வீட்டுக்காரர்கள், கருக்கலில் புளியமரத்தடியில் நடந்ததால் வந்த பயம் என்றார்கள். வேப்பிலை அடித்து, மந்திரித்து, தாயத்துக் கட்டினார்கள். பிள்ளை பிறக்காத வருஷங்களில் அது ஏக்கம். பிள்ளை பிறந்தபிறகு அதுவே பலவீனம். டவுன் டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று எழுதி, வைட்டமின் ஊசி போட்டு அனுப்பினார். பெண்ணுக்கு நெஞ்சு படபடத்தால் காரணம் அவள் மனசில்தான் இருக்கும் என்பதில் மட்டும் மந்திரவாதிக்கும் டாக்டருக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை.

ஒருவர் மட்டும் கொஞ்சம் கிட்டே வந்தார். அதே தெருவில் இருந்த சித்த வைத்தியர். சித்த மருத்துவத்தில் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்ப்பார்கள். வாத நாடிக்கு அன்னம், கோழி, மயில் நடையும், பித்தத்துக்கு ஆமை, அட்டை நடையும், கபத்துக்குப் பாம்பு, தவளை நடையும் சொல்வது மரபு. அந்தக் கணக்கு இந்த நோய்க்கு எவ்வளவு பொருந்தும் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அவருக்கிருந்த வசதி வேறு. கூப்பிட்ட குரலுக்கு, படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கையைப் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் அவர் இருந்தார். "எண்ண முடியல, அவ்வளவு வேகம். இது பயமில்ல" என்று சொன்னவர் அந்தக் காலத்தில் அவர் ஒருவர்தான். கொடுத்த சூரணம் பலிக்கவில்லை என்பது தனிக் கதை.

அத்தை தானாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார். கிணற்றில் அப்போதுதான் இறைத்த தண்ணீரைக் குண்டானில் ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்குவார். சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. நின்ற நாட்களில், "பார்த்தியா, பேய்க்குத் தண்ணி ஆகாது" என்று ஊரார் தங்கள் முடிவை உறுதிப்படுத்திக்கொண்டார்கள்.

இதில் பேய்க்கு வேலையில்லை. இதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவில் மின்சாரம் கடந்து போகும் சந்திப்பு ஒன்று இருக்கிறது. சிலருக்கு அந்தச் சந்திப்பிலேயே இரண்டு பாதைகள் இருக்கும்; சிலருக்குப் பிறவியிலேயே சந்திப்புக்கு வெளியே ஒரு குறுக்கு வழி இருக்கும். ஒரு பாதையில் இறங்கிய மின்சாரம் இன்னொன்றின் வழியாக ஏறி மறுபடி இறங்கினால் அது வட்டமடிக்கத் தொடங்கிவிடும். இதயமும் அதன் பின்னாலேயே நிமிஷத்துக்கு 180, 200 என்று ஓடும். முகத்தில் குளிர்ந்த நீர் பட்டு மூச்சும் அடங்கினால், வேகஸ் என்ற நரம்பு வழியாக அந்தச் சந்திப்பு சில விநாடி மந்தமாகும். மந்தமானால் வட்டம் அறும். நீரில் முங்கும் விலங்குகளுக்கு உள்ள அனிச்சைச் செயல்தான் இது, நமக்கும் மிச்சமிருக்கிறது. இன்று அவசரப் பிரிவுகளில் இதே நரம்பைத் தட்டி எழுப்ப வேறு வழி வைத்திருக்கிறார்கள். 10 மி.லி. சிரிஞ்சின் வாயில் 15 விநாடி ஊதச் சொல்லி, உடனே ஆளைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடிப்பது. பிரிட்டனில் 428 பேரிடம் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் காலைத் தூக்கியவர்களில் 43 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே துடிப்பு சீரானது. ஊதிவிட்டு உட்கார்ந்தே இருந்தவர்களில் 17 சதவீதம்தான்.

நோயாளி தானே கண்டுபிடித்ததை டாக்டர் காதில் வாங்கிக்கொண்டதும் எப்போதாவது நடந்திருக்கிறது. 1912இல் டச்சு மருத்துவர் வெங்கெபாக்கிடம் ஒரு வணிகர் வந்தார். கிழக்கிந்தியத் தீவுகளில் வாழ்ந்து, மலேரியாவுக்குக் கொயினா சாப்பிட்டுப் பழகியவர். நாடி தாறுமாறாக ஓடுவதைத் தன்னால் சரி செய்ய முடியும் என்றார். டாக்டர் நம்பவில்லை. ஒரு கிராம் கொயினா விழுங்கிவிட்டு மறுநாள் காலை சீரான நாடியோடு வந்து நின்றார் அந்த மனிதர். வெங்கெபாக் அதை எழுதிவைத்தார்; அதன் வழியாகவே 1918இல் குயினிடின் இதய மருந்தானது. திருவாரூர்ப் பக்கத்துக் குண்டானை எழுதிவைக்க ஆளில்லை.

இயந்திரத்தின் கதை இதற்கெல்லாம் முன்பே தொடங்கிவிட்டது. ஹாலந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் 1900களின் தொடக்கத்தில் செய்த முதல் இ.சி.ஜி. கருவியின் எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கருவியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக முடியாது என்பதால், 1905இல் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகத் துடிப்பை ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். 1924இல் நோபல் பரிசும் கிடைத்தது. கருவி பிறகு சுருங்கி, மேஜைக்கு வந்து, பெட்டிக்குள் அடங்கியது. ஆனாலும் படுக்கவைத்து எடுக்கும் சில விநாடிப் பதிவாகவே நெடுங்காலம் நின்றது.

அதை உடைத்தவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலினா நகரிலிருந்த நார்மன் ஹோல்டர். அவர் டாக்டரே அல்ல, இயற்பியல்காரர். மனிதன் படுத்திருக்கும்போது மட்டும் ஏன் பதிய வேண்டும், நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் பதிந்தால் என்ன என்பது அவர் கேள்வி. 1940களின் கடைசியில் அவர் முதுகில் சுமந்து காட்டிய ரேடியோக் கருவி 38 கிலோ. 1961இல் ஆய்விதழில் கட்டுரையாக வெளியிடும்போது சட்டையோடு போகும் அளவுக்கு அதைக் குறைத்திருந்தார். இன்று ஸ்கேன் சென்டரில் மார்பில் ஒட்டி, இடுப்பில் மாட்டி, "நாளைக்கு இதே நேரம் வாங்க, குளிக்காதீங்க" என்று சொல்லி அனுப்புகிறார்களே, அந்த ஹோல்டர் இவர்தான்.

எங்கள் அத்தையை ஹோல்டர் எட்டவே இல்லை. இ.சி.ஜி.யும் எளிதாக எட்டவில்லை. எடுக்கத் தஞ்சாவூர் போகவேண்டும். போனால், ரப்பர் குமிழை மார்பில் வைத்து உறிஞ்சவிடுபவர் ஆண். அத்தை ஒருமுறை பாதியில் எழுந்து வந்துவிட்டார். பிறகு 1980களில், உறவில் ஒரு கல்யாணத்தின்போது மண்டபத்திலேயே படபடப்பு வந்தது. எதிர்ப்புறமே ஒரு நர்ஸிங் ஹோம் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதல்முறையாக அது டாக்டர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நாளத்தில் வெராபமில் ஊசி போட்டதும் நின்றது. "இவ்வளவு வருஷமா இதை வெச்சிக்கிட்டா இருந்தீங்கம்மா?" என்று அந்த டாக்டர் கேட்டாராம். இருபது வயதில் தொடங்கியது காகிதத்தில் ஏறியபோது அத்தைக்குப் பேரன் பிறந்துவிட்டான்.

இன்றைக்கு வருவோம். சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பெண், என் நண்பரின் மகள். மீட்டிங் நடுவில் படபடப்பு; கை நடுங்கும்; செத்துவிடுவோம் என்ற பயம் வரும். இரண்டு இடத்தில் காட்டியதில் பதற்றம், வேலை அழுத்தம் என்று சொல்லி அதற்கான மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் வந்தபோது மணிக்கட்டில் இருந்த வாட்சின் மேல் மறுகை விரலை வைத்து முப்பது விநாடி இ.சி.ஜி. எடுத்து, அதை அப்படியே போனில் காட்டினாள். துடிப்பு 190க்கு மேல். ஒரே சீராக, நெருக்கமாக. பார்த்த இதய மருத்துவர் வேறு கேள்வியே கேட்கவில்லை என்றாள்.

வாட்ச் இல்லையென்றால் அவளும் நரம்புத் தளர்ச்சிதான், பெயர் மட்டும் நாகரிகமாக மாறியிருக்கும். இது என் கோபம் மட்டுமல்ல. 1997இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், இப்படி வட்டமடிக்கும் வகைக் கோளாறு உறுதியான 107 பேரை எடுத்துப் பார்த்தார்கள். முதல் பரிசோதனையில் 55 சதவீதம் பேருக்கு அது பிடிபடவில்லை. மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள் 'பேனிக்' நோயின் இலக்கணத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தின. பிடிபடாமல் போனவர்களில் மனம்தான் காரணம் என்று சொல்லப்பட்டது ஆண்களில் 32 சதவீதம் பேருக்கு, பெண்களில் 65 சதவீதம் பேருக்கு. நெஞ்சு 190இல் ஓடினால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். பயத்தால் துடிப்பா, துடிப்பால் பயமா என்று பார்க்கக் காகிதம் வேண்டும்.

சிகிச்சையில்தான் மாற்றம் பெரியது. அத்தை ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிட்டார். இந்தப் பெண்ணுக்குத் தொடை நாளம் வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறை அங்கேயே வரவழைத்து, வட்டமடிக்கும் பாதை எது என்று கண்டுபிடித்து, அந்தக் கடுகளவு இடத்தைச் சூட்டால் செயலிழக்க வைத்தார்கள். டாக்டர் முன்னால் வராததை டாக்டரே வரவழைக்கும் காலம் இது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் முதன்முதலில் மனிதரிடம் செய்தபோது அதிர்ச்சி மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். பிறகு ரேடியோ அலை வந்து பாதுகாப்பானது. இந்த வகைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெற்றி. சென்னை, வேலூர், கோவை, மதுரை எல்லா இடத்திலும் செய்கிறார்கள். சிலருக்குச் சந்திப்பே பழுதாகி பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்றாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது.

வாட்சுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கி அனுப்பியதைக் கட்டியதிலிருந்து, சாப்பிட்டதும் ஒரு தடவை, படியேறியதும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறார். நடுநடுவே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து அடுத்தது கொஞ்சம் தாமதிக்கும். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் வருவதுதான். வாட்ச் 'முடிவு கூற இயலவில்லை' என்று காட்டும். உடனே ஆட்டோ, அவசரப் பிரிவு. முன்பு இந்த நாடித் தடுமாற்றம் அவருக்குத் தெரியவே தெரியாது. நிம்மதியாகப் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

வாட்சுகள் எல்லாம் ஒரே ஜாதியும் அல்ல. பச்சை விளக்கு எரிவது தோலுக்கடியில் இரத்தம் பாய்வதை ஒளியால் எண்ணுவது. பட்டை தளர்ந்தால், கை ஆடினால் தப்புக் கணக்குச் சொல்லும். விரலை வைத்து எடுப்பதுதான் மின்பதிவு, அதுவும் ஒரே கோணத்திலிருந்து. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு கோணம். மாரடைப்பை வாட்ச் சொல்லாது. அமெரிக்காவில் ஆப்பிள் வாட்ச் கட்டிய 4,19,297 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. 'துடிப்பு ஒழுங்கில்லை' என்ற எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். அவர்களுக்கு ஒட்டுப்பட்டைக் கருவி அனுப்பி, ஒட்டித் திருப்பியனுப்பிய 450 பேரைப் பார்த்தால், மேலறைகள் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 34 சதவீதம் பேரிடம்தான் அகப்பட்டது. மற்றவர்களுக்கு எச்சரிக்கை பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பட்டை தபாலில் வந்து சேர்வதற்குள் அது வந்துவிட்டுப் போயிருக்கலாம். அதே கெட்ட குணம்.

இந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான் வயதானவர்களிடம் கவலைப்பட வேண்டியது. பலருக்குப் படபடப்பே இருக்காது. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம்; வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. நம் நாட்டில் இது முதியவர் நோய் மட்டுமல்ல. சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கிய இளம்பெண்களுக்கும் வருகிறது. கர்ப்பத்தில் மூச்சு வாங்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. இரத்தம் உறையாமல் தடுக்க அவர்களுக்கு இன்றும் பழைய மாத்திரைதான். மாதாமாதம் இரத்தம் கொடுத்து, அது உறையும் அளவான ஐ.என்.ஆர். பார்க்கும் தொல்லை இல்லாத புது மாத்திரைகள் மற்றவர்களுக்கு வந்துவிட்டன. ஆனால் 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், பழைய மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா புது மாத்திரைக்கு மாறினார் என்று இவர்களும் மாறிவிடக் கூடாது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க விலையுயர்ந்த வாட்ச் வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். இங்கிலாந்தில் 50 மருத்துவ மையங்களில், 65 வயதைத் தாண்டிய 14,802 பேரிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. எல்லோரையும் அழைத்து இ.சி.ஜி. எடுத்த முறையும், வேறு காரணத்துக்காக வந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்த்து ஒழுங்கில்லாவிட்டால் மட்டும் இ.சி.ஜி. எடுத்த முறையும் ஒரே அளவுக்குப் புது நோயாளிகளைக் கண்டுபிடித்தன. நம் ஓ.பி.யில் இப்போது நாடியை யார் தொடுகிறார்கள்? விரலில் கிளிப் மாட்டுகிறார்கள். அது ஒரு எண்ணைக் காட்டுகிறது. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறுகிறதா என்பது அந்த எண்ணில் இல்லை. கையைப் பிடிக்கும் பழக்கத்தை நாம் விட்டது பெரிய நஷ்டம். அதற்கு எந்தக் கருவியும் ஈடு கட்டவில்லை என்பது என் அபிப்பிராயம்.

படபடப்பு உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. வரும்போது ஒரு நிமிஷம் முழுக்க நாடியை எண்ணுங்கள். சீரா, தாறுமாறா என்று கவனியுங்கள். சட்டென்று வந்ததா, மெல்ல ஏறியதா, எப்படி நின்றது என்று எழுதிவையுங்கள். பக்கத்தில் இ.சி.ஜி. எடுக்கும் இடம் எது, இரவில் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பதிவு செய்யலாம். மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, வீட்டில் சிறுவயதில் திடீரென இறந்தவர் யாராவது இருந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். 'மனசுதான் காரணம்' என்று சொன்னால், ஹோல்டர் பார்த்தீர்களா, தைராய்டு பார்த்தீர்களா, இரத்தசோகை பார்த்தீர்களா என்று மரியாதையாகவே திருப்பிக் கேளுங்கள்.

பழைய இ.சி.ஜி. தாள்களைத் தூக்கிப்போட வேண்டாம். குறுக்கு வழி உள்ளவர்களுக்குப் படபடப்பு இல்லாத நேரத்துத் தாளிலும் அதன் அடையாளம் இருக்கக்கூடும். பெரும்பாலும் அவை சூட்டில் அச்சாகும் தாள்கள். சில வருஷத்தில் எழுத்து மங்கிவிடும், லேமினேட் செய்யக் கொடுத்தால் கறுத்தே போகும். இன்றைக்கே போனில் படம் எடுத்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.